விதைநெல்

பூந்தமல்லியைக் கடந்து, பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் செல்வோர் செம்பரம்பாக்கத்தை அடைவர். ஏரிநீரால் நெல் விளைந்த அப்பகுதியில் இன்று திரைப்படங்களும் உருவாகின்றன. இ.வி.பி. திரைப்பட நகர் அங்குதான் உள்ளது. பூந்தமல்லியில் புதிய திரைப்பட நகர் ஒன்று அமைக்கப்படும் எனத் தமிழக அரசும் 2024ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அறிவித்தது.

திரைப்படம் என்றதும் நம் நினைவிற்கு வருபவர் நடிகரே. ஆயின், அவர் ஒரு வீட்டு வாயிலில் நின்று பேசும் சிறு காட்சிக்கும் எத்தனை பேர் உழைக்கின்றனர்! அவ்வீடு தச்சர் பலகைகளால் அமைத்தது. ஓவியர் வண்ணம் தீட்டியது. அதன் சன்னலில் விழும் மாலை வெயிலோ, தொழிலாளர் தூக்கி நிறுத்திய விளக்கின் ஒளி. ஆடை தைப்போர், ஒப்பனை செய்வோர், ஊர்தி ஓட்டுவோர், உணவு சமைப்போர் எனப் பட்டியல் நீளும். இத்தகையோரின் சங்கங்கள் 20-க்கு மேற்பட்டவை இணைந்ததே தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம். இவர்களுள் பலர் நாட்கூலி பெறுவோர். படப்பிடிப்பு இல்லாத நாள் இவர்களுக்கு ஊதியம் இல்லாத நாளாகும்.

அரங்கிற்கு வந்த படத்தை ஒருவன் மறைவாகப் பதிவு செய்து இணையத்தில் விடுகின்றான். அன்றே அது பல்லாயிரம் கைப்பேசிகளை அடைகின்றது. "தச்சர் தம் கூலியை முன்னரே பெற்றுவிட்டாரே, அவருக்கு என்ன இழப்பு?" என்று சிலர் வினவுவர். அப்படத்திற்குரிய கூலி அவருக்குக் கிடைத்தது உண்மையே. ஆனால், அடுத்த படத்திற்குரிய கூலி எங்கிருந்து வரும்?

உழவர் விளைந்த நெல் முழுவதையும் உண்பதில்லை. ஒரு பகுதியை விதைக்கென வைப்பர். நாம் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியும் தயாரிப்பாளரை அடைந்து, கடனைத் தீர்த்து, மறுபடத்திற்கு முதலாகின்றது. அதுவே திரைத்தொழிலின் விதைநெல். திருட்டுப் படத்தைக் காண்போர் அனைவரும் கட்டணம் கொடுத்துப் பார்த்திருப்பர் எனக் கூறல் இயலாது. எனினும், அவர்களுள் சிலரை இழப்பினும் சிறுமுதலில் எடுத்த படம் தாங்காது. பெருநடிகர் அடுத்த வாய்ப்பிற்குக் காத்திருக்க வல்லவர். நாட்கூலித் தொழிலாளரால் அஃது இயலுமோ?

இத்தீமையைத் தடுக்கச் சட்டங்கள் உள்ளன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் உரிமையைக் காக்கின்றது. திருட்டு வீடியோத் தொழில் புரிவோர் 2004இல் தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொணரப்பட்டனர். 2023இல் திருத்தப்பெற்ற திரைப்படச் சட்டம், படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோர்க்கு 3 திங்கள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 3 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத தண்டமும் விதிக்கின்றது. அரங்கில் ஓடும் படத்தில் கண்ணுக்குப் புலப்படாத குறியும் பொறிக்கப்படுகின்றது. பதிவு எந்த அரங்கில், எந்நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதை அக்குறி காட்டிக்கொடுக்கும்.

ஆயினும், பதிவு செய்பவனைப் பிடிக்கும் சட்டம், பார்க்கும் ஒவ்வொருவரையும் தொடர்ந்து வருதல் அரிது. நண்பன் அனுப்பிய திருட்டுப் படத்தை, "வேண்டா" என மறுத்து அழிப்பது நம் கையில்தான் உள்ளது. கட்டணத்திற்குப் பொருள் இல்லையேல், தொலைக்காட்சியில் வரும்வரை பொறுத்திருத்தலும் இழிவன்று.

மாணவர்களே, விதைநெல்லைக் குற்றி உண்டால் ஒரு வேளைப் பசி தீரும். மறு பருவத்தில் வயல் தரிசாகும். செம்பரம்பாக்கத்துப் படப்பிடிப்பு அரங்கில் நாளையும் தச்சரின் உளியோசை ஒலிப்பதும், ஓய்வதும் நம் விருப்பத்தையும் பொறுத்தனவே அன்றோ?