தொட்டி மீன் சோர்ந்தால் மருந்துக்கு முன் நீரைப் பாருங்கள்

தோட்டத்துச் சாளையை ஒட்டி இரண்டு மூன்று சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, மோலி, கப்பி, தங்கமீன் வளர்க்கும் சிறு விவசாயிகள் நம் கொங்குப் பகுதியில் உண்டு. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் நீர்மட்டத்தில் தொங்கியபடி வாயைத் திறந்து திறந்து மூடும். உடனே கடைக்கு ஓடி மருந்து வாங்கி ஊற்றுகிறோம். நோயே இல்லாத மீனுக்கு அந்த மருந்து கூடுதல் துன்பம். மாலைக்குள் பாதி மிதக்கும்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் மட்டும் திணறி, வெயில் ஏறியதும் சுறுசுறுப்பானால், பிராணவாயு பற்றாக்குறை என்று கொள்ளலாம். பச்சை நிறமேறிய நீரில் உள்ள பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து மூச்சு விடும். சூடான நீரில் இந்த வாயு குறைவாகவே கரையும். 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரைந்தால், 30 டிகிரியில் ஏழரைதான். எனவே சித்திரை வெயிலில் தென்னங்கீற்றுப் பந்தலோ நிழல்வலையோ அவசியம். திணறும் நாளில் தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றவும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு மிகக் குறைவு. குழாயைத் தொட்டிக்குள் அமிழ்த்தாமல், உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள்.

நாள் முழுதும் திணறல், செவுள் சிவந்து தடித்திருத்தல், தீனியில் நாட்டமின்மை இவை கண்டால் அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. வயலில் போட்ட யூரியா அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாக மாறுவது நாம் அறிந்ததே. அதே வேலையைத் தொட்டியிலும் நுண்ணுயிர்களே செய்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் ஐந்நூறு குஞ்சுகளை இறக்கினால் எப்படித் தாங்கும்? நம் பக்கத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது; காரம் ஏற ஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். கார அமிலத் தன்மையைச் சோதனைக் காகிதத்தால் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் பாருங்கள். 7 முதல் 8.5 வரை இருப்பது நல்லது. (இந்த உப்புத் தண்ணீரை ஏசவும் வேண்டாம், மோலிக்கும் கப்பிக்கும் கடினநீர் உகந்ததே.)

புதுச் சிமெண்டு தனிக் கதை. அதன் சுண்ணாம்பு நீரில் இறங்கிக் காரத்தை ஏற்றும். நீர் நிரப்பி, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஒரு வாரம் ஊறவிட்டு, வடித்துக் கழுவவும். காரம் குறையும்வரை இவ்வாறு திரும்பச் செய்தபின், முதலில் நான்கைந்து மீன்களை மட்டும் விட்டுப் பார்க்கவும்.

எங்கள் தோட்டத்தில் ஒருமுறை தொட்டி மோலிகள் அனைத்தும் ஒரே மணி நேரத்தில் செத்தன. தண்ணீரைச் சோதித்தும் குறை தெரியவில்லை. முந்தின நாள் பூச்சிமருந்து கலந்த வாளியால் நீர் மொண்டு ஊற்றியிருந்தேன்! பைரித்திராய்டு வகை மருந்துகள் துளியளவிலேயே மீனைக் கொல்லும். தொட்டிக்கென்று தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டில் மருந்தடிக்கும் நாளில் தொட்டியை மூடிவிடுங்கள்.

வெண்புள்ளி, பஞ்சு போன்ற படலம், சுவரில் உடம்பைத் தேய்த்தல் இவை இருந்தால்தான் நோய். அப்போதும் கல்லுப்பே முதல் மருந்து: லிட்டருக்கு 1 கிராம். 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி நீருள்ள தொட்டி சுமார் 1,350 லிட்டர் கொள்ளும். அதற்குச் சுமார் 1.35 கிலோ போதும். உப்பைக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றவும். ஒரே நாளில் நீரை மாற்றி, உப்புப் போட்டு, மருந்தும் ஊற்றினால் எதனால் குணமானது என்று தெரியாது. எதனால் செத்தது என்றும் தெரியாது. இரண்டு நாளுக்கு ஒரு மாற்றம் செய்து, நோட்டில் குறித்து வாருங்கள்.

அப்படியும் தேறாவிட்டால், ஒரு சுத்தமான பாட்டிலில் தொட்டி நீரும், இன்னொன்றில் கிணற்று நீரும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தையோ, பவானிசாகரில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தையோ அணுகலாம். நோட்டையும் மறக்காமல் கொண்டு போகவும்.