திகதி முடிந்த யோகட்டும் கலியாணப் பெண்ணின் முகமும்

அன்புள்ள தங்கச்சி,

கொடிகாமத்தில் வீட்டு முன்னறையிலேயே அழகுக்கலை நிலையம் தொடங்கிவிட்டாய் என்றதில் எனக்குப் பெரிய சந்தோசம். திகதி முடிந்த யோகட்டைக் கடைக்காரர் சும்மா தருகிறார், சாப்பிடத்தானே கூடாது, முகத்துக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். போடாதே. அதை விற்றால் அவர் மீது வழக்கு வரும். விற்க முடியாததைத்தான் உன்னிடம் தள்ளுகிறார்.

திரெடிங் செய்த புருவத்திலும் கரும்புள்ளி எடுத்த மூக்கிலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். கிருமி உள்ளே போக அது போதும். யோகட்டின் புளிப்பு பல பக்டீரியாக்களை அடக்கும், பூஞ்சணத்தை அடக்காது. மேலே தெரிவதைக் கரண்டியால் வழித்தெறிந்தாலும் இழைகள் அடியில் நிற்கும். பச்சை முட்டையை, அன்றைக்கு வாங்கியதென்றாலும், வாய்க்கும் கண்ணுக்கும் கிட்டப் பூசாதே. சல்மொனெல்லா இருக்கலாம்.

திகதியை விட ஈரத்துக்குத்தான் நீ பயப்பட வேண்டும். தண்ணீர் படாத தேன் ஆண்டுக்கணக்கில் இருக்கும். ஈரக் கரண்டி பட்டால் நொதித்துவிடும். பயற்றம்மா மாரியில் ஈரம் இழுத்துக் கட்டிபட்டால் எறிந்துவிடு. நாள்பட்ட மாவில் பெருகும் சிற்றுண்ணிகள் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும். குழைத்த மாவில் மிஞ்சியதையும் அடுத்தவருக்கு வைக்காதே.

உங்கள் தென்மராட்சிப் பக்கம் தேங்காய்க்குக் குறைவில்லை, ஆனால் எண்ணெயில் கவனமாக இரு. தேங்காயெண்ணெயில் 90 சதவீதமளவு நிறைவுற்ற கொழுப்பு. அதனால் காற்றுப் பட்டுக் கெடுவது மெதுவாகத்தான். அரைகுறையாகக் காய்ந்த கொப்பறாவின் ஈரம்தான் அதைச் சீக்கிரம் சிக்கு மணக்க வைக்கிறது. பூஞ்சணம் பிடித்த கொப்பறாவில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். 2021 மார்ச்சில் இறக்குமதியான எண்ணெயில் அது இருந்ததென்று தெரிந்து நாடே கலங்கியது நினைவிருக்கும். கையால் முறித்தால் டக்கென்று முறிகிற, உட்புறம் வெள்ளையான கொப்பறாவாகப் பார்த்து வாங்கி ஆட்டுவி. சிக்கு மணத்தை மல்லிகை வாசனை விட்டு மறைத்து விற்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். நம்பி முகத்தைத் தருகிறவருக்குச் செய்கிற துரோகம் அது.

கலியாணத்துக்கு முதல்நாள் புதிதாக எதையும் பூசாதே. ஒரு கிழமைக்கு முன்னரே பெண்ணை வரச்சொல்லி, முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார். சிவந்தால், கடித்தால் விட்டுவிடு. யோகட்டைக் காசு கொடுத்துப் புதிதாக வாங்கி, அந்தச் செலவைப் பேசியல் கட்டணத்தில் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா