கம்பியிலிருந்து மெய்நிகர் வரை: இடத்துரி வலையமைப்பின் வளர்ச்சி

வங்கி, வைத்தியசாலை, பாடசாலை என ஓரிடத்திலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பதே இடத்துரி வலையமைப்பு, அதாவது லேன். எந்தக் கணினி எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை முன்பு கம்பியே தீர்மானித்தது. இன்று மென்பொருள் தீர்மானிக்கிறது.

1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம், கடலால் பிரிந்த தீவுகளை வானொலி அலைகளால் இணைத்து அலோஹாநெட்டை உருவாக்கியது. அதிலிருந்து கருத்தெடுத்த ரொபர்ட் மெட்காஃப், 1973 இல் ஸெரொக்ஸ் ஆய்வுகூடத்தில் ஈதர்நெட்டை வகுத்தார். அதில் எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் இணைந்திருந்தன. தட்டியில்லாத மண்டபத்தில் நான்கு வகுப்புகள் நடப்பதைப் போன்றது இது. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். இருவர் ஒன்றாகப் பேசினால் இரண்டும் குழம்பும்.

வலையமைப்புகளை இணைக்க பிரிட்ஜ் என்ற கருவி வந்தபோது, தகவல் ஓயாமல் சுற்றிவரும் சிக்கல் எழுந்தது. 1985 இல் அதற்குத் தீர்வு கண்டவர் ரேடியா பேர்ள்மன் என்ற பெண். பிரிட்ஜின் வளர்ந்த வடிவமே, உரிய கணினிக்கு மட்டும் தகவலைக் கொடுக்கும் சுவிட்ச். ஆனாலும் பொது அறிவிப்புகள் எல்லாக் கணினிகளுக்கும் சென்றன.

இங்கேதான் மெய்நிகர் லேன் உதவியது. இதற்கான நியமம் 1998 இல் வெளியானது. ஒவ்வொரு தகவல் பொதியிலும் குழு இலக்கம் ஒன்று சேர்க்கப்படும். புள்ளிகளைப் பதியும் அலுவலகத்துக்கு 10, மாணவியரின் கணினிக்கூடத்துக்கு 20 எனக் கொடுத்தால், ஒரே சுவிட்சில் இருந்தாலும் அவை இரண்டு வலையமைப்புகளே. ரவுட்டரின் அனுமதியின்றி ஒன்றிலிருந்து மற்றதற்குள் நுழைய முடியாது.

இவ்வாறு 4094 குழுக்களையே அமைக்கலாம். பெரிய தரவு நிலையங்களுக்கு அது போதவில்லை. 2014 இல் வெளியான விஎக்ஸ்லேன் முறை, 1 கோடி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்களுக்கு இடமளித்தது. கடிதத்தை உறையிலிட்டு அனுப்புவதுபோல, ஒரு பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்து அது தொலைதூரம் அனுப்புகிறது. இதனால் எழுவான்கரையில் காத்தான்குடிக் கிளையும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக் கிளையும் ஒரே லேனாக இயங்கலாம்.

ஆனால் இச்சுவர்கள் கண்ணுக்குத் தெரியாதவை. ஓர் இலக்கம் பிழைத்தால், பூட்டியதாக நம்பிய கதவு திறந்தே கிடக்கும். நோயாளியின் விபரமும் மாணவியின் புள்ளியும் அந்நியர் கைக்குப் போகலாம். எனவே இங்கு தேவைப்படுவது கவனமும் நேர்மையும் கொண்ட சிந்தனை. அதற்கு ஆண், பெண் வேறுபாடில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலேயே கணினி விஞ்ஞானம் கற்கலாம். "பெண்பிள்ளைக்கு இத்துறை எதற்கு?" எனத் தயங்கும் பெற்றோர், ரேடியா பேர்ள்மனை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.