நிதிநிலை அறிக்கையும் மக்கள் குரலும்

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் நாள் காலை பதினொரு மணிக்கு நடுவண் அரசின் நிதியமைச்சர் மக்களவையில் எழுந்து நின்று நிதிநிலை அறிக்கையைப் படிக்கிறார். மாதச் சம்பளம் பெறுவோர் வருமான வரி குறையுமா என்று தொலைக்காட்சியை உற்றுநோக்குவர். உழவர் உரத்தின் விலையை எண்ணிக் கவலைகொள்வர். ஓய்வுபெற்ற முதியவரோ தம் சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியைப் பற்றிய செய்தி வருமா என்று காத்திருப்பார். உரை முடிந்த சில நிமிடங்களில் கருத்துகள் பிறந்துவிடும். ஆளுங்கட்சியினர் புகழ்வர், எதிர்க்கட்சியினர் இகழ்வர். இவ்விரு தரப்பினர் கூறப்போவதை உரை தொடங்குமுன்பே நாம் ஓரளவு ஊகித்துவிடலாம். ஆகவே இப்பாடம் அவர்களைப் பற்றியதன்று. வரி செலுத்தும் பொதுமக்களின் குரல் எப்போதெல்லாம் கேட்டது, எவருடைய குரல் கேட்காமல் போகிறது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

‘பட்ஜெட்’ என்னும் சொல் சிறிய தோற்பை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் அரசமைப்புச் சட்டத்தில் அச்சொல் இல்லை. அதன் 112ஆம் உறுப்பு இதனை ‘ஆண்டு நிதிநிலை அறிக்கை’ என்றே குறிக்கிறது. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று 265ஆம் உறுப்பு கூறுகிறது. அமைச்சர் படிப்பது முன்மொழிவு மட்டுமே. நாடாளுமன்றம் ஏற்ற பின்னரே அது சட்டமாகும். இந்த இடைவெளியில்தான் மக்களின் குரலுக்கு இடம் கிடைக்கிறது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதிநிலை அறிக்கையை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதங்களுக்கான அவ்வறிக்கையில் வருவாய் 171 கோடியே 15 இலட்சம் ரூபாய். செலவு 197 கோடியே 39 இலட்சம் ரூபாய். வரவுக்குள் செலவு அடங்கவில்லை. எஞ்சிய 26 கோடியே 24 இலட்சம் ரூபாய்தான் பற்றாக்குறை. நாடு பிறந்த நாள் தொட்டே கடன் என்னும் சொல் நம்முடன் இருந்து வருகிறது.

ஆயினும் வரிக்கும் கடனுக்கும் எழுந்த எதிர்ப்புக் குரல் அதனினும் பழையது. அதன் தொடக்கம் சென்னையில் உள்ளது. 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்கியதனால் ஆங்கில அரசின் கடன் பெருகியது. அதனைச் சரிசெய்ய இலண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்பவர் அனுப்பப்பட்டார். ‘தி எகனாமிஸ்ட்’ இதழைத் தொடங்கியவர் அவரே. 1860இல் அவர் அளித்த நிதிநிலை அறிக்கையின் வழியாக இந்தியாவில் வருமான வரி முதன்முதலாக வந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் இதனை ஏற்கவில்லை. புதிய வரிகள் மக்களிடம் மனக்கசப்பை வளர்க்கும்; படைச்செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் கருத்து. அதனைக் கோப்புக்குள் எழுதி வைத்து அமைதியடையாமல், செய்தித்தாள்களில் வெளிவரவும் செய்தார். ஆளுநர் ஒருவரே அரசின் வரியைப் பொதுவெளியில் எதிர்த்தால் மேலிடம் பொறுக்குமா? அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டனர். வில்சனும் அவ்வாண்டே கல்கத்தாவில் நோயுற்று இறந்தார்.

கதை இத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளில் அதே டிரெவெல்யன் இந்தியாவின் நிதிப் பொறுப்பாளராகவே திரும்பி வந்தார். 1865இல் வருமான வரி காலாவதியானது. பிறகு அது பல வடிவங்களில் வந்துபோய், 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. விடுமுறைக்குத் தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரலில் இறங்கும் நீங்கள் எதிரே ரிப்பன் மாளிகையைக் கண்டிருப்பீர்கள். அது நிற்கும் நிலம், டிரெவெல்யன் உருவாக்கிய ‘மக்கள் பூங்கா’வின் பகுதியாக இருந்தது.

டிரெவெல்யன் எதிர்த்த வரி, செலுத்துபவரின் கண்ணுக்குத் தெரிந்த வரி. ஆண்டு வருமானம் 200 ரூபாய்க்குக் குறைந்தவருக்கு அவ்வரி இல்லை. ஏழை எளியோர் செலுத்தியது வேறு வரி. அது உப்பின் விலைக்குள் ஒளிந்திருந்தது. இத்தகைய வரியை மறைமுக வரி என்பர். கடைக்காரரிடம் காசைக் கொடுப்பவர், தாம் அரசுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம் என்பதை உணர்வதில்லை. காந்தியடிகள் 1930இல் உப்பைத் தேர்ந்தெடுத்த நுட்பம் இதில்தான் இருக்கிறது. அவர் தண்டியில் உப்பு எடுத்தார். அதனைத் தொடர்ந்து இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். ஒளிந்திருந்த வரி அனைவர் கண்ணுக்கும் தெரியலாயிற்று. 1947இல் உப்பு வரி நீக்கப்பட்டது.

இனி, கடனைப் பற்றி நாடே பேசிய ஓர் ஆண்டைக் காண்போம். 1990 ஆகஸ்டில் ஈராக், குவைத் நாட்டைக் கைப்பற்றியது. எண்ணெய் விலை ஏறியது. வளைகுடா நாடுகளில் உழைத்துவந்த இந்தியர் பலர் வேலையிழந்து திரும்பினர். அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணமும் நின்றது. வெளிநாட்டிலிருந்து பொருள் வாங்க ரூபாய் உதவாது, டாலர் போன்ற அந்நியச் செலாவணி வேண்டும். 1991ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான செலாவணி நம்மிடம் இருந்தது. அதற்கு முன்பே அரசு கடன்மேல் கடன் வாங்கியிருந்தது. நடுவண் அரசின் மொத்தச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, வட்டி கட்டுவதற்கே போயிற்று.

அந்நிலையில் அரசு தங்கத்தை நாடியது. கடத்தல்காரரிடமிருந்து பறிமுதலாகி அரசின் கையிலிருந்த 20 டன் தங்கம் மே மாதத்தில் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டது. சூலையில் இந்திய ரிசர்வ் வங்கியின் சொந்தத் தங்கத்தில் ஏறத்தாழ 47 டன் விமானத்தில் இலண்டன் சென்று, இங்கிலாந்து வங்கியிடமும் சப்பான் வங்கியிடமும் ஈடாக வைக்கப்பட்டது. அவ்வேளையில் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். செய்தி வெளியானதும் மக்கள் அதிர்ந்தனர். அவ்வதிர்ச்சியின் ஆழத்தைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. நகையை அடகுக்கடைக்குக் கொண்டுசெல்பவர் அக்கம்பக்கத்தார் அறியாமல்தான் செல்வர். அரசும் அவ்வாறே ஓசையின்றிச் செய்ய முயன்றது. ‘நாட்டின் மானம் போயிற்று’ என்றவர்களும் இருந்தனர். ‘வாங்கிய கடனுக்குத் தவணை தவறியிருந்தால்தான் மானம் போயிருக்கும்’ என்றவர்களும் இருந்தனர். பின்னவர் கூற்றே சரியென்று தோன்றுகிறது. அவ்வாண்டு முடிவதற்குள் ரிசர்வ் வங்கியின் கடன் அடைக்கப்பட்டுத் தங்கம் ஈட்டிலிருந்து மீண்டது.

இதற்கிடையில், 1991 சூலை 24 அன்று புதிய நிதியமைச்சர் மன்மோகன் சிங் தம் நிதிநிலை அறிக்கையை அளித்தார். பெட்ரோல், சமையல் எரிவாயு விலைகள் உயர்ந்தன. உர விலை சராசரியாக 40 விழுக்காடு ஏற்றப்பட்டது. அரசு உரத்துக்குக் கொடுத்துவந்த மானியம் கருவூலத்துக்குப் பெருஞ்சுமை என்பது அமைச்சரின் வாதம். ஊர்ப்புறங்களிலிருந்து எழுந்த எதிர்ப்பு நாடாளுமன்றத்துக்குள்ளும் நுழைந்தது. எதிர்க்கட்சிகள் மட்டுமின்றி, ஆளும் கட்சியின் உறுப்பினர்களே எழுந்து பேசினர். தேர்தலில் வாக்குக் கேட்டு உழவர் வீட்டு வாசலில் நிற்கவேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? அரசுக்கோ அவையில் பெரும்பான்மை இல்லை. சில நாள்களிலேயே உயர்வு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிறு, குறு உழவருக்கு அவ்வுயர்விலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. விலை குறைந்ததால் செலவு மறைந்துவிடவில்லை. உழவர் செலுத்தாத தொகையை அரசு வேறு வரியாலோ கடனாலோ ஈடுகட்டியாக வேண்டும். ஆதலால் ‘திரும்பப் பெறுக’ என்று முழங்கும் எவரும், அச்சுமை எவர் தோளுக்கு மாறும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவரே. பெரும்பாலோர் சொல்வதில்லை.

அண்மைக்காலத்தில் இதனினும் விரைவாகக் குரல் கேட்கப்பட்டதுண்டு. 2016 பிப்ரவரி 29 அன்று படிக்கப்பட்ட அறிக்கையில், தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுக்கும் தொகையில் 60 விழுக்காட்டுக்கு வரி விதிக்கும் முன்மொழிவு இருந்தது. வாழ்நாள் சேமிப்பின்மேல் வரியா என்று சம்பளம் பெறுவோர் சினந்தனர். மார்ச் 8 அன்று நிதியமைச்சர் அருண் ஜெட்லி மக்களவையில் அம்முன்மொழிவைத் திரும்பப் பெற்றார். எட்டே நாள்!

எட்டு நாளில் வெல்லும் குரல் எவருடையது? சம்பளச் சீட்டில் வரிப்பிடித்தத்தைக் கண்ணால் காண்பவருடையது. 2025ஆம் ஆண்டு அறிக்கையில் புதிய வரிமுறையின்கீழ் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உடையோர்க்கு வரி இல்லை என்று அறிவிக்கப்பட்டபோது, அன்றைய பேச்சு முழுவதும் அதனைச் சுற்றியே இருந்தது. சாலையோரம் தேநீர் விற்பவருக்கும், கட்டட வேலைக்காக ஊர்விட்டு ஊர் வந்தவருக்கும் அவ்வறிவிப்பால் நேரடிப் பயன் இல்லை. அவர்கள் முன்பும் வருமான வரி செலுத்தியவர் அல்லர். ஆனால் வழலைக்கட்டி வாங்கும்போதும் கைப்பேசிக்குப் பணம் நிரப்பும்போதும் அவர்களும் வரி செலுத்துகின்றனர். 2017 சூலை முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான பொருள்களின் வரிவிகிதம் நிதிநிலை அறிக்கையில் முடிவாவதில்லை. நடுவண் அரசும் மாநிலங்களும் சேர்ந்த மன்றம் ஒன்று முடிவு செய்கிறது. ‘எது விலை கூடும், எது விலை குறையும்’ என்னும் பழைய பட்டியலை இன்னும் சில செய்தியாளர்கள் விடாமல் படிப்பது ஒருவகைப் பழக்கமே.

2025-26ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடனாகப் பெறுவது. வருமான வரி 22 காசு, சரக்கு மற்றும் சேவை வரி 18 காசு, நிறுவனங்கள் செலுத்தும் வரி 17 காசு, எஞ்சியவை பிற. செலவாகும் ரூபாயில் 22 காசு மாநிலங்களின் பங்காகச் செல்கிறது. 20 காசு வட்டிக்குப் போகிறது. பாதுகாப்புக்கு 8 காசு. உங்கள் பள்ளியின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரும் பணமும் இந்த ரூபாய்க்குள்தான் இருக்கிறது. கேந்திரிய வித்தியாலயங்கள் நடுவண் அரசின் நிதியால் நடப்பவை.

கடன் என்றாலே தீது என்று கொள்ளவேண்டா. அறுபது ஆண்டு பயன்தரும் பாலத்தை ஓராண்டு வரிப்பணத்தில் கட்டவேண்டும் என்பது முறையாகாது. பின்னாளில் அதன்மீது நடப்போரும் பங்கு கொடுப்பது நேர்மையே. மேலும், நம் அரசின் கடனில் பெரும்பகுதி நாட்டுக்குள்ளேயே பெறப்பட்டது. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதியமும் அக்கடன் பத்திரங்களை வாங்கி வைத்துள்ளன. ஆகவே அரசு கட்டும் வட்டியில் ஒரு சிறு துளி, ஊரிலிருக்கும் உங்கள் பாட்டியின் வைப்புத்தொகைக்கும் வந்து சேரக்கூடும். பாலத்துக்காக வாங்கிய கடனா, அன்றாடச் செலவுக்காக வாங்கிய கடனா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. அதனைக் கேட்போர் மிகச் சிலர்.

2023ஆம் ஆண்டில் நடுவண் அரசு ஐம்பது ஆண்டுக் கடன் பத்திரத்தை முதன்முறையாக வெளியிட்டது. அதன் முதல் தொகையைத் திருப்பித் தரவேண்டிய ஆண்டு 2073. இன்று பதின்மூன்று வயதுடைய மாணவர் அப்போது அறுபதைக் கடந்திருப்பார். இடைப்பட்ட ஆண்டுகளில் அதற்கான வட்டி, அவர் செலுத்தும் வரியிலிருந்தும் செல்லும். பத்திரம் வெளியான நாளில் அவருக்கு வாக்குரிமை இல்லை.

அருஞ்சொற்பொருள்

நடுவண் அரசு – மத்திய அரசு. பற்றாக்குறை – வரவைவிட மிகுந்த செலவு. ஈடு – அடைமானம், அடகு. அந்நியச் செலாவணி – வெளிநாட்டுப் பணம். மானியம் – விலையைக் குறைக்க அரசு தரும் தொகை. காலாவதி – காலம் முடிந்து செல்லாததாதல். வழலைக்கட்டி – சோப்பு.

சிந்தித்து விடையளிக்க

1. டிரெவெல்யன் தம் கருத்தை எழுதியதற்காகவா, வெளியிட்டதற்காகவா பதவியை இழந்தார்? உம் விடைக்குக் காரணம் கூறுக.

2. உப்பு வரிக்கும் வருமான வரிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. 1991இல் தங்கத்தை ஈடு வைத்தது சரியென்று ஒருவரும் தவறென்று மற்றொருவரும் உரையாடுவதுபோல் பத்து வரிகள் எழுதுக.

4. ‘உர விலை உயர்ந்தது’, ‘அரசு உர விலையை உயர்த்தியது’ – இவற்றுள் தன்வினை எது, பிறவினை எது? செய்தித்தாள் தலைப்புகளில் முதல்வகைத் தொடர் வரும்போது எச்செய்தி மறைந்துவிடுகிறது?

செய்து பார்க்க

ஒரு வாரம் உம் வீட்டில் வாங்கிய பொருள்களின் விலைச்சீட்டுகளைச் சேர்த்துவைத்து, அவற்றில் வரியாகக் குறிக்கப்பட்ட தொகையைக் கூட்டுக. வீட்டுப் பெரியவர்களிடம் அத்தொகை எவ்வளவு இருக்கும் என்று முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, பின்னர் உண்மைத் தொகையைச் சொல்லி, அவர்கள் கூறுவதை வகுப்பில் பகிர்க.