பெயர் பறிக்கப்பட்ட நாடு: ‘டிகானா’ நாவலும் வாசகர் தீர்ப்புகளும்

மாயப் புனைகதை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூன்று, ஐந்து, பத்து என நீளும் தொகுதிகளே. முதல் தொகுதியை வாங்கியவர் கடைசித் தொகுதிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். கனடா நாட்டு எழுத்தாளர் கை கேவ்ரியல் கே 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிகானா’ இதற்கு ஒரு விதிவிலக்கு எனலாம். 700 பக்கங்களை நெருங்கும் இந்நாவல் ஒரே நூலில் தொடங்கி ஒரே நூலில் முடிந்துவிடுகிறது. தொடர்ச்சி கிடையாது. கதை முடிந்துவிட்டதாலேயே வாசகர்கள் இதனைப் பற்றித் தயங்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். அத்தீர்ப்புகள் ஏன் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கே 1954இல் பிறந்தவர். டோல்கியன் மறைந்த பின்னர் அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் படிகளை மகன் கிறிஸ்டோபர் ‘சில்மரில்லியன்’ என்னும் நூலாகத் தொகுத்தபோது, உதவியாளராக இருந்தவர் இளைஞரான கே. அந்நூல் 1977இல் வெளிவந்தது. பின்பு அவர் சட்டம் பயின்றார். 1980களில் மூன்று தொகுதிகள் கொண்ட ஒரு கதையையும் எழுதி முடித்தார். ‘டிகானா’ அதற்குப் பின் வந்தது.

இனி கதைக்கு வருவோம். மத்தியகால இத்தாலியை நினைவூட்டும் ஒரு தீபகற்பம். அதில் ஒன்பது மாநிலங்கள். கடல் கடந்து வந்த இரண்டு மந்திரவாதிகள் ஆளுக்கு நான்காக அவற்றைப் பங்கிட்டுக்கொள்ள, ஒன்று மட்டும் நடுநிலையாக எஞ்சுகிறது. டிகானாவைக் கைப்பற்றும் போரில் பிராண்டின் என்னும் மன்னனின் மகன் கொல்லப்படுகிறான். மன்னன் பழிவாங்குகிறான். ஊர்களை இடித்ததோடு அவன் நிற்கவில்லை. அந்நாட்டின் பெயரையே மந்திரத்தால் பறித்துவிடுகிறான். மந்திரத்திற்கு முன் அந்நாட்டில் பிறந்தவர்களால் மட்டுமே அப்பெயரைக் கேட்கவும் நினைவில் கொள்ளவும் முடியும். மற்றவர் காதில் எத்தனை முறை உரக்கச் சொன்னாலும் அது விழாது. அந்தக் கடைசித் தலைமுறை இறந்துவிட்டால் பெயரும் இறந்துவிடும். அந்த நாளைக் காண்பதற்காகவே மன்னன் தன் ஆயுளை நீட்டித்துக்கொண்டு காத்திருக்கிறான். அந்நாட்டு இளவரசன் அலெஸ்ஸான் இசைக்கலைஞனாக ஊர் ஊராகத் திரிந்து, பெயரை மீட்கச் சதி செய்கிறான்.

சென்ற விடுமுறையில் நண்பர்கள் ஆறு பேர் இந்நாவலைப் படித்து விவாதித்தோம். தொடக்கப் பகுதி மெதுவாக நகர்கிறது, பெயர்கள் குழப்புகின்றன, பாத்திரங்கள் அளவுக்கு மீறிக் கண்ணீர் விடுகிறார்கள் என்பன போன்ற குறைகளை எல்லாரும் ஒப்புக்கொண்டோம். இவை பிற நாட்டு வாசகர்களும் வழக்கமாகச் சொல்லும் குறைகள்தாம். இவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. உண்மையான சண்டை டயனோராவைப் பற்றித்தான் எழுந்தது.

டயனோரா டிகானாவில் பிறந்தவள்; தந்தையைப் போரில் இழந்தவள். பிராண்டினைக் கொல்வதற்காகவே பிறப்பை மறைத்து அவனது அந்தப்புரத்திற்குள் நுழைகிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அவள் அவனைக் கொல்லவில்லை. அவனைக் காதலிக்கிறாள்; வேறொருத்தி அவனைக் கொல்ல முயலும்போது அவளே அவன் உயிரைக் காப்பாற்றுகிறாள். “இதை எப்படி மன்னிப்பது?” என்று கொதித்தார் மருத்துவம் பயிலும் தோழி ஒருவர். பெண்ணின் வீரத்தைக் காதலில் கரைத்துவிடும் பழைய தந்திரம் இது என்பது அவர் வாதம். தமிழியல் துறை நண்பர் அதற்கு நேர்மாறாக, நாவலின் உயிரே டயனோராதான், அவள் இல்லாவிட்டால் இது வெறும் நல்லவர் கெட்டவர் கதை என்றார்.

நண்பர் அத்துடன் விடவில்லை. சிலப்பதிகாரத்தை இழுத்து வந்தார். கணவனை இழந்த கண்ணகி மதுரையை எரித்தாள். அவளைத் தெய்வமாக வணங்குகிறோம். மகனை இழந்த பிராண்டின் ஒரு நாட்டை அழித்தான். அவனை மட்டும் கொடுங்கோலன் என்பதா? கேள்வி எங்களைச் சிறிது நேரம் வாயடைக்கச் செய்தது. தோழிதான் பதில் கண்டார். கண்ணகி தீக்கு வரையறை விதிக்கிறாள்; குழந்தைகளையும் முதியோரையும் விட்டுவிடச் சொல்கிறாள். மேலும் அவள் நீதி கேட்டுத் தோற்றவள் அல்லள். அரசனே தன் பிழையை ஒப்புக்கொண்டு உயிர்விட்ட பிறகுதான் நகரம் எரிகிறது. பிராண்டினோ படையெடுத்து வந்தவன். தன் நாட்டைக் காத்தவர்களின் கையில் மகனை இழந்ததற்காக, இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளையும் சேர்த்துத் தண்டிக்கிறான்.

இந்த விவாதத்தில் நான் முதலில் எந்தப் பக்கம் நின்றேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் பிராண்டின் பக்கம் நின்றேன். அவன் கவிதையையும் இசையையும் விரும்புபவன்; டயனோராவிடம் மனம் திறந்து பேசுபவன்; மகனுக்காக ஆண்டுகள் கடந்தும் அழுபவன். அந்த அத்தியாயங்களை வாசித்தபோது அவன் நல்லவனாகவே தெரிந்தான். இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப்புரக் காட்சிகள் நெடுக டிகானா என்ற பெயர் என் நினைவுக்கு வரவே இல்லை. டயனோராவுக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்திருக்கிறது. மந்திரம் ஏதுமின்றி, ஒரு மனிதனின் இனிமையான பேச்சே அந்தப் பெயரை மறக்கடித்துவிட்டது. டயனோராவை மன்னிக்கலாமா என்று வழக்காடும் வாசகர்கள், தாங்களும் அதே பக்கங்களில் மறந்தார்களா என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை, கே செய்த மிகப் பெரிய காரியம் இதுவே.

இளவரசன் மட்டும் தூயவனா என்றால் அதுவும் இல்லை. எர்லைன் என்ற மந்திரவாதியை அவனது விருப்பத்திற்கு மாறாகத் தனக்கு அடிமையாகக் கட்டிப்போடுகிறான் அலெஸ்ஸான். நாட்டின் விடுதலைக்காக ஒருவனின் விடுதலையைப் பறிக்கலாமா? பின்னர் அவன் எர்லைனை விடுவிக்கிறான். எர்லைனும் தானாகவே உடன் நிற்கிறான். நாவலாசிரியர் சிக்கலை எளிதாக அவிழ்த்துவிட்டார் என்றே நான் கருதுகிறேன். விடுவித்ததும் எர்லைன் போயிருந்தால் கதை இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

பெயர் போனால் என்ன, மக்கள் இருக்கிறார்களே என்று எங்களில் ஒருவர் கேட்டார். கே இந்நாவலுக்கு எழுதிய பின்னுரையில் பிரையன் ஃபிரீலின் ‘டிரான்ஸ்லேஷன்ஸ்’ நாடகத்தைக் குறிப்பிடுகிறார். 1980இல் அரங்கேறிய அந்நாடகம், 1833இல் அயர்லாந்தில் ஆங்கிலேயப் படையினர் நில அளவை செய்து, ஐரிஷ் ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கி வரைபடத்தில் எழுதியதைக் காட்டுவது. அங்கு மந்திரவாதி யாரும் இல்லை. கையில் பேனாவுடன் அதிகாரிகள்தாம்.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. அவர் பிறந்த இரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தோட்டத்து மக்கள் அவ்விடத்திற்குத் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எந்த வரைபடத்திலும் அதை நான் கண்டதில்லை. பாட்டி சொன்னால் அவர் வயதையொத்த இருவருக்குப் புரியும். டாக்சி ஓட்டுநருக்குப் புரியாது. இந்த ஒப்பீட்டைத் தோழி ஏற்கவில்லை. தோட்டத்தின் பெயரை யாரும் பகையால் அழிக்கவில்லை, நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

இறுதியாக, முடிவைப் பற்றி ஒரு சொல். நூலை இன்னும் வாசிக்காதவர்கள் இப்பத்தியைத் தாண்டிவிடலாம். பெயர் மீட்கப்படுகிறது; ஆனால் டயனோரா கடலில் இறங்கி உயிர் விடுகிறாள். அவளுடைய சகோதரன் பெயர்டு மீட்புக் குழுவில்தான் இருக்கிறான். மன்னனுடன் வாழ்ந்த அந்தப் பெண் தன் சகோதரி என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் அந்தப்புரப் பணியாளன் ஸ்கெல்ட்டோ ஒருவனே. இருப்பவர்களை மேலும் வருத்த வேண்டாமென்று அவன் வாய்மூடி இருந்துவிடுகிறான். மறந்த பெயரை மீட்பதற்காக 700 பக்கம் போராடிய நாவல், ஒரு பெண்ணின் கதையைத் தெரிந்தே புதைத்து முடிகிறது. இது கருணை என்று நண்பர் சொன்னார். பிராண்டின் செய்ததையே ஒரு நல்ல மனிதனும் செய்கிறான் என்று தோழி சொன்னார். அன்று இரவு விடுதி வாயிலை மூடும் வரை பேசியும் இருவரும் இறங்கி வரவில்லை. நான் இப்போது தோழியின் பக்கம்.