மூன்றாம் பத்தி

பாராளுமன்றத் தெருப்பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சென்னை எழும்பூர்ச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் நினைவு வரும். சாலையோரத்தில் செருப்புத் தைப்போருக்குச் சர்க்கார் இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதிதிராவிடரான இவருக்குக் கிடைக்கவில்லை, கிறிஸ்தவராகிவிட்டாராம்! வழக்கு டில்லிவரை வந்தது. நம்மில் சட்டம் பயிலும் நண்பர்கள் 'சூசை வழக்கு' என்று படித்திருப்பார்கள்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கே என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாதென்று 1985இல் உச்சநீதிமன்றம் மனுவைத் தள்ளியது.

இங்கேதான் திருச்சபை அகப்பட்டுக்கொண்டது. ஏழைக்கு நீதி கேட்க வேண்டுமானால் தன் வீட்டுக் குற்றத்தைத் தானே சொல்லியாக வேண்டும். திருச்சி மேலப்புதூரில் கல்லறைகளுக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பியவர்களாயிற்றே!

ஆயினும் சபையார் தெருவுக்கு வந்தார்கள். 2013 டிசம்பரில் இங்கே நடந்த ஊர்வலத்தின்மீது போலீசார் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். டில்லிப் பேராயர் அனில் கூட்டோவையும் பிடித்துவைத்தார்கள். 2016இல் கத்தோலிக்க ஆயர்கள், தீண்டாமை சபைக்குள்ளும் உண்டென்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்கள். ஊர்வலத்தைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.