மாரியில் நாற்றுக்கு மின்னொளி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் கடுமழை நாற்றுமேடைகளைச் சிதைப்பதுண்டு. ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோயும் தோன்றும். மிளகாய், கத்தரி, தக்காளி விதைகளைத் தட்டுகளில் இட்டு விறாந்தையில் வைத்தால் அவை மழைக்குத் தப்பும். ஆயின், அங்கு ஒளி போதாது. கண்ணுக்கு வெளிச்சமாகத் தோன்றும் இடமும் பயிருக்கு இருளே. ஒளியை நாடும் நாற்று மெலிந்து நீண்டு, நட்டதும் சாய்ந்துவிடும். விதைக்கிட்ட பணமும் பருவமும் வீணாகும்.

இக்குறையைக் கமக்காரர் வீட்டிலேயே நீக்கலாம். பலகையொன்றில் இரண்டு வெண்ணிற எல்.ஈ.டி. குழல்விளக்குகளைப் பொருத்தித் தட்டின்மேற் கயிற்றால் தொங்கவிடுதல் வேண்டும். விளக்கு நாற்றின் நுனிக்கு மேல் 4 முதல் 6 அங்குலத்தில் இருக்கட்டும். தூரம் கூடினால் ஒளி விரைந்து குன்றும். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்துக. பழைய இழை மின்குமிழ் இதற்கு உதவாது. அதன் வெப்பம் இலையைக் கருக்கும்.

முளை தோன்றிய நாள்முதல் தினமும் 14 முதல் 16 மணி நேரம் ஒளி கொடுக்க. இரவில் விளக்கை அணைத்தல் அவசியம். இடைவிடாத ஒளியில் தக்காளி இலை மஞ்சளாகும். தட்டின் அடியில் நீர் வடியத் துளைகள் இடுக. காலையில் மட்டும் அளவாக நீர் தெளிக்க. மின்கம்பியில் ஈரம் படலாகாது.

நடுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்து, மழையில்லா வேளைகளில் நாற்றை வெளியே வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் சிறிது சிறிதாகப் பழக்குதல் வேண்டும். இவ்வாறு திடம்பெற்ற நாற்றே தோட்டத்தில் நிலைக்கும்.